ராணி மறைத்த கட்டி

சரித்திரப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். எந்த ராஜா எத்தனை யுத்தம் செய்தான், எத்தனை யானைகளை நடத்திக்கொண்டு போனான், எத்தனை ராணிகளைக் கலியாணம் செய்துகொண்டான் என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கும். அந்த ராணிகளுக்கு எங்கே வலித்தது என்று மட்டும் இருக்காது. சரித்திரம் எழுதினவர்கள் அந்தப்புரத்து வாசலோடு திரும்பிவிட்டார்கள்.

கிரேக்க தேசத்து ஹெரோடோட்டஸ் மட்டும் இதற்கு விலக்கு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக்காரர். 'சரித்திரத்தின் தந்தை' என்று அவருக்குப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து ஊர்வம்பு கேட்கிற சுபாவம் அந்தத் தந்தையை விட்டுப் போகவேயில்லை. பாரசீகச் சக்கரவர்த்திகளின் படையெடுப்பைச் சொல்லிக்கொண்டே வருகிறவர், திடீரென்று அரண்மனைக்குள் நுழைந்து ஒரு ராணியின் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறார்.

ராணியின் பெயர் அதோஸ்ஸா. சைரஸ் மகாராஜாவின் மகள். டாரியஸ் சக்கரவர்த்தியின் மனைவி. பின்னால் பட்டத்துக்கு வந்த செர்க்ஸஸின் தாய். அவளுடைய மார்பில் ஒரு கட்டி வந்தது. அது சின்னதாக இருந்த வரைக்கும், வெட்கப்பட்டுக்கொண்டு அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை, மறைத்துவிட்டாள். கட்டி உடைந்து பரவத் தொடங்கிய பிறகுதான், வேறு வழியில்லாமல், டெமோஸீடிஸ் என்ற கிரேக்க வைத்தியனைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

இந்த டெமோஸீடிஸ் ஒரு கைதி. டாரியஸ் குதிரையிலிருந்து இறங்கும்போது கணுக்கால் பிசகி, எகிப்து தேசத்து வைத்தியர்களெல்லாம் கையை விரித்த சமயத்தில் அதைச் சரிப்படுத்திக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியவன். பெயர் கிடைத்ததே தவிர ஊருக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. ராணியின் கட்டியைக் கண்டதும் அவன் ஒரு நிபந்தனை போட்டான். "குணமாக்குகிறேன், பதிலுக்கு நான் கேட்பதை நீங்கள் செய்யவேண்டும், வெட்கப்படும்படியான எதையும் கேட்கமாட்டேன்" என்றான். குணமும் ஆக்கினான். பிறகு, அவன் சொல்லிக் கொடுத்தபடியே, ஒரு நாள் இரவு அதோஸ்ஸா தன் கணவனிடம், "எனக்குக் கிரேக்க தேசத்துப் பணிப்பெண்கள் வேண்டும், அந்த நாட்டின்மேல் படையெடுங்கள்" என்று ஆரம்பித்தாளாம். நாட்டை வேவு பார்க்கப் போன கூட்டத்துக்கு வழிகாட்டியாக அனுப்பப்பட்ட டெமோஸீடிஸ், நழுவித் தன் சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஒரு பெண்ணின் மார்பிலே வந்த கட்டியால்தான் கிரேக்க-பாரசீக யுத்தமே மூண்டது என்று வேடிக்கையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அதை நம்ப வேண்டாம். அந்தக் கட்டி புற்றுநோய்தானா என்பதிலேயே வைத்தியர்களுக்குள் அபிப்பிராய பேதம் இருக்கிறது. குணமாகிவிட்டதைப் பார்த்தால் வெறும் சீழ்க்கட்டியாக இருக்கலாம் என்கிறார்கள். எனக்கு அந்த விவகாரமெல்லாம் முக்கியமில்லை. ஹெரோடோட்டஸ் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த ஒரு செய்திதான் முக்கியம்: வெட்கப்பட்டுக்கொண்டு ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பகுதியை முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கு அந்த ராணியைத் தெரியும். அவள் எங்கள் வீட்டில் இருந்தாள்.

*

அவள் என் அத்தை. சின்ன வயசிலேயே கணவனை இழந்து, பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டவள். காவேரிக் கரையில் எங்கள் ஊர். காலையில் எழுந்ததும் ஸ்நானம், கோயில், பிறகு அடுப்படி, சாயங்காலம் மறுபடியும் கோயில். இதுதான் அவளுடைய உலகம். எனக்குப் பன்னிரண்டு வயசாக இருக்கும்போது, அத்தைக்குப் பக்தி திடீரென்று அதிகமாயிற்று. வெள்ளிக்கிழமை விரதத்தோடு செவ்வாய்க்கிழமை விரதமும் சேர்ந்தது. சமயபுரத்துக்கு நடந்து போவதாக வேண்டிக்கொண்டாள். "அவளுக்கு இனிமேல் அம்மன்தான் துணை, நல்ல வழியிலேதான் மனசு போகுது" என்று வீட்டில் பெரியவர்கள் பெருமைப்பட்டார்கள்.

எனக்கு ஒரு வேலை ஏற்பட்டது. தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சந்தனக் கட்டையை இழைத்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து அத்தையிடம் கொடுக்க வேண்டும். சுவாமிக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. அத்தை சந்தனத்தையும் கோயில் விபூதியையும் குழைத்துத் தன் மார்பில் தடவிக்கொண்டிருந்தாள். அங்கே நான் எதைக் கண்டேன் என்று இப்போது எழுத மனம் வரவில்லை. அத்தை என்னைப் பார்த்துவிட்டாள். கோபிக்கவில்லை. அருகே கூப்பிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருகிட்டேயும் சொல்லிப்புடாதே ராசா. அம்மன் பாத்துக்குவா" என்றாள். அம்மன்மேல் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். எட்டு மாதம் காப்பாற்றினேன். ஒரு நாள் அவள் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாள். அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரிய டாக்டர் பரிசோதித்துவிட்டு, வெளியே வந்து என் தகப்பனாரிடம், "இத்தனை நாளாக என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். தகப்பனாருக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. அடுத்த மாசிக்குள் அத்தை போய்விட்டாள்.

கதை எழுதுகிறவனுக்கு எல்லாத் துக்கமும் என்றாவது ஒரு நாள் கதையாகிவிடும் என்பார்கள். இது மட்டும் ஆகவில்லை. முப்பது வருஷமாக ஒரு கேள்வியாகவே இருந்துவருகிறது. அந்த அம்மன் என் அத்தைக்கு நன்மை செய்தாளா, தீமை செய்தாளா? பிரார்த்தனை என்பது மருந்தா, மருந்துக்குக் குறுக்கே நிற்கிற திரையா? இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் சரித்திரத்தின் பல வாசல்களில் போய் நின்றேன்.

*

இத்தாலிக்குத் தெற்கே ஸிஸிலித் தீவில் கட்டானியா என்று ஒரு நகரம். அதன் காவல் தெய்வம் என்று சொல்லத் தகுந்தவள் புனித அகத்தா. கி.பி. 251-ஐ ஒட்டி, ரோமானியச் சக்கரவர்த்தி டீஸியஸின் ஆட்சியில், கிறிஸ்தவ மதத்தை விட மறுத்ததற்காக அவளைச் சித்திரவதை செய்து மார்பை அறுத்தார்கள் என்பது ஐதிகம். சிறையில் அன்றிரவு பீட்டர் என்ற அப்போஸ்தலர் தோன்றிப் புண்ணை ஆற்றினாராம். அன்று முதல் மார்பில் நோய் கண்ட பெண்களுக்கெல்லாம் அவள்தான் கதி. ஒவ்வொரு பிப்ரவரியிலும் 5-ஆம் தேதி அவளுடைய திருநாள். கட்டானியாவே திரண்டு வந்து தேர்போல அவளை இழுத்துக்கொண்டு போகிறது.

எனக்கு இது ஒன்றும் புதிதாகத் தோன்றவில்லை. மண்ணாலோ வெள்ளியாலோ கண்ணும் காலும் கையும் செய்து கோயிலில் போடுகிற நாட்டில் பிறந்தவர்களுக்கு இது எப்படிப் புதிதாகத் தோன்றும்? வைத்தியன் கையை விரித்துவிட்ட காலங்களில் மனிதன் வேறு எங்கே போவான்? ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அகத்தாவிடம் போன பெண்ணுக்கு ஒரு லாபம் இருந்தது. வெளியே வாய் திறந்து சொல்ல முடியாத ஓர் உறுப்பின் பெயரை அவள் அங்கே வெட்கமில்லாமல் சொல்லலாம். கேட்கிறவள் ஒரு பெண். அதே இடத்தில் அதே வேதனையை அனுபவித்தவள். இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு நாம் திரும்பி வரவேண்டியிருக்கும்.

*

இனி, என்னைப் போலவே நாவல் எழுதிப் பிழைத்த ஒரு பெண்மணியின் கதை. ஃபானி பர்னி என்று பெயர். இங்கிலாந்துக்காரி. 1778-ல் 'எவலினா' என்ற நாவலைத் தன் பெயரைப் போடாமலே வெளியிட்டு, லண்டன் நகரத்தையே யார் இது என்று கேட்க வைத்தவள். சில வருஷம் சார்லட் மகாராணியின் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தாள். 1793-ல், தன் நாற்பத்தொன்றாவது வயசில், நாடு விட்டு வந்திருந்த ஒரு பிரெஞ்சுத் தளபதியைக் காதலித்து மணந்துகொண்டாள். 1802-ல் பாரிஸுக்குப் போனவள், நெப்போலியன் யுத்தங்களின் காரணமாகப் பத்து வருஷம் ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே அகப்பட்டுக்கொண்டாள்.

1810 ஆகஸ்டில் அவளுக்கு மார்பில் வலி கண்டது. அவளும் முதலில் அலட்சியமாகத்தான் இருந்தாள். பிறகு, நெப்போலியனின் படைகளுக்கு ரண சிகிச்சை செய்துவந்த லாரே என்ற பெரிய டாக்டர் வந்து பார்த்தார்; சக்கரவர்த்தினிக்குப் பிரசவம் பார்த்த டுபுவா வந்து பார்த்தார். அறுத்து எடுத்துவிடுவது ஒன்றே வழி என்று முடிவாயிற்று.

1811, செப்டம்பர் 30. மயக்க மருந்து என்ற ஒன்று அங்கே இன்னும் பிறக்கவில்லை. காலையில்தான் தகவல் வந்தது, "இன்று" என்று. அவள் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? ஏதோ அவசர ஜோலி என்று கணவனை வீட்டை விட்டு வெளியே அனுப்ப ஏற்பாடு செய்ததுதான். தன் வேதனையை அவன் பார்க்கக்கூடாது. பிற்பகல் மூன்று மணி வரை காத்திருந்தாள். நடுவில் கூடத்துக்குப் போனவள், அங்கே குவித்து வைத்திருந்த கட்டுத்துணிகளையும் பஞ்சையும் பார்த்துத் திடுக்கிட்டு, முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தாள்.

பிறகு கறுப்பு உடை அணிந்த ஏழு ஆண்கள் உள்ளே வந்தார்கள். கட்டிலை அறையின் நடுவே இழுத்துப் போட்டு, பழைய மெத்தைகளையும் பழைய துப்பட்டியையும் விரிக்கச் சொன்னார்கள். பணிப்பெண்கள் பயந்து ஓடிவிட்டார்கள். ஒரே ஒருத்தி மட்டும் நின்றாள். முகத்தின்மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போட்டார்கள். அது மிகவும் மெல்லியது. அதன் வழியே எல்லாம் தெரிந்தது. கத்தியின் பளபளப்புத் தெரிந்தது. டாக்டரின் விரல் மேலிருந்து கீழே ஒரு கோடும், குறுக்கே ஒரு கோடும், சுற்றி ஒரு வட்டமும் காற்றிலே போட்டுக் காட்டியது தெரிந்தது. மார்பு முழுவதையுமே எடுக்கப் போகிறார்கள் என்பதை அந்த மௌன பாஷையிலிருந்து அவள் புரிந்துகொண்டாள். "யார் பிடித்துக்கொள்வது?" என்று கேட்ட குரலுக்கு அந்த ஏழு பேரில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. கைக்குட்டையை உதறிவிட்டு, "நானே பிடித்துக்கொள்கிறேன்" என்றாள் அவள்.

சுமார் இருபது நிமிஷம் நடந்தது. எல்லாம் முடிந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது கண்ணைத் திறந்து பார்த்தாள். எத்தனையோ போர்க்களங்களில் எத்தனையோ கை கால்களை வெட்டியெடுத்த அந்த லாரேயின் முகம் அவளைப் போலவே வெளுத்து, ரத்தத் துளிகள் படிந்து, துக்கத்தால் நிறைந்திருந்தது.

இவ்வளவையும் நாம் எப்படி அறிகிறோம் என்றால், அவளே எழுதி வைத்திருக்கிறாள். இங்கிலாந்தில் இருந்த தன் தமக்கை எஸ்தருக்கு எழுதிய நீண்ட கடிதம் அது. அந்தக் கடிதத்தை உடனே எழுத அவளால் முடியவில்லை. பல மாதங்கள் அதைப் பற்றிப் பேசவும் முடியவில்லை, நினைக்கவும் முடியவில்லை. அடுத்த வருஷம் வசந்த காலத்தில் ஆரம்பித்து, விட்டு விட்டு, மாதக் கணக்கில் எழுதி முடித்தாள். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும் தைரியம் கூட அவளுக்கு வரவில்லை. ஆனால் எழுதினாள். அதன் பிறகு இன்னொரு நாவலும் எழுதினாள். 1840-ல், எண்பத்தேழாவது வயசில்தான் இறந்தாள்.

அவளுக்கு வந்தது புற்றுத்தானா என்பதையும் இன்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அவள் சிகிச்சை இரண்டு பகுதியாக நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, லாரேயின் கத்தி. அது இருபது நிமிஷம். மற்றொன்று, தமக்கைக்கு எழுதிய கடிதம். அது பல மாதம். முதலாவது உடம்பிலிருந்து கட்டியை எடுத்தது. இரண்டாவது மனசிலிருந்து எதையோ எடுத்தது.

அதே 1811-ல், ஒரே வாரம் கழித்து, அக்டோபர் 8-ஆம் தேதி அமெரிக்காவில் இன்னொரு பெண்ணுக்கு இதே ரண சிகிச்சை நடந்தது. ஜனாதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற ஜான் ஆடம்ஸின் மகள் அவள். அவளும் தைரியசாலிதான். ஆனால் நோய் திரும்பி வந்தது. 1813 ஆகஸ்டில் தகப்பனார் வீட்டிலேயே உயிர் விட்டாள். ஒருத்தி இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் இருந்தாள். ஒருத்தி இரண்டு வருஷம் கூட இல்லை. நோயின் சுபாவம் வேறு, மனோதிடம் வேறு. தைரியசாலிகள் பிழைப்பார்கள், கோழைகள் சாவார்கள் என்று நாம் கதைகளில் எழுதுகிறோமே, அது எவ்வளவு கொடுமையான பொய்!

*

1846-ல் பாஸ்டன் நகரத்தில் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து ரண சிகிச்சை செய்து காட்டினார்கள். 1867-ல் லிஸ்டர் என்பவர் கிருமிகளை விலக்கி ரண சிகிச்சை செய்யும் முறையை வெளியிட்டார். இனி வலி இல்லை. புண் சீழ் பிடித்துச் சாகிற பயமும் குறைந்தது. டாக்டர்களின் கை தாராளமாயிற்று. 1894-ல் அமெரிக்காவின் ஹால்ஸ்டெட் என்ற நிபுணர், மார்போடு அதன் கீழே இருக்கிற தசைகளையும் அக்குளில் உள்ள கோளங்களையும் சேர்த்து எடுத்துவிடும் முறையை விவரித்து எழுதினார். நோய் வேரோடு போகவேண்டுமென்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பெண்களுக்கு நெஞ்சு குழிவிழுந்து போயிற்று. கை வீங்கிப் போயிற்று. ஏறக்குறைய எண்பது வருஷம் இதுவே வேதவாக்காக இருந்தது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தாலும் ஆயுளில் வித்தியாசமில்லை என்பதை ஃபிஷர் என்ற டாக்டரின் குழு 1985-ல்தான் ருசுப்படுத்தியது.

அந்தக் காலத்து மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம் இருந்தது. கட்டியோடு வந்த பெண்ணை மயக்கிப் படுக்க வைப்பார்கள். கட்டியில் ஒரு துணுக்கை எடுத்து உடனே பரிசோதிப்பார்கள். புற்று என்று தெரிந்தால் அந்த மயக்கத்திலேயே மார்பையும் எடுத்துவிடுவார்கள். மயக்க மருந்து முகத்தருகே வரும்போது, விழித்தெழும்போது தான் முழுசாக இருப்போமா மாட்டோமா என்பது அவளுக்குத் தெரியாது. ஃபானி பர்னிக்கு வலி இருந்தது. ஆனால் "நானே பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்ல வாயும் இருந்தது. இவர்களுக்கு வலி இல்லை, வாயும் இல்லை.

1952-ல் நியூயார்க்கில் இப்படி விழித்தெழுந்த ஒரு பெண்மணி டெரீஸ் லாஸர். அவள் கணவர் வருமான வரிக் கணக்கைப் பற்றிப் புத்தகம் எழுதிப் பிரசித்தி பெற்றவர். டெரீஸுக்கு அறுத்து எடுத்தாயிற்று. காயமும் ஆறிக்கொண்டு வந்தது. இனிமேல் கையை எப்படித் தூக்குவது, என்ன உடுத்துவது, கணவன் முகத்தில் எப்படி விழிப்பது? இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. டாக்டருக்கு அவகாசமில்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது. டெரீஸ் தானே வழி கண்டுபிடித்தாள். பிறகு, அப்போதுதான் சிகிச்சை முடிந்து படுத்திருந்த மற்றப் பெண்களின் கட்டிலருகே போய் உட்கார ஆரம்பித்தாள். கையில் ஒரு பை. அதில் ஒரு ரப்பர்ப் பந்து, ஒரு கயிறு, உடைக்குள் வைத்துக்கொள்ள ஒரு தாற்காலிக அணை. பந்தும் கயிறும் கைக்குப் பயிற்சி கொடுக்க. எல்லாவற்றையும் விடப் பெரிய மருந்து, அவள் நிமிர்ந்து நின்று, "நானும் உங்களைப் போலத்தான். பாருங்கள், நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன்" என்று சொன்னதுதான். சில டாக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. தங்கள் நோயாளியோடு பேச இவள் யார் என்று கோபித்தார்கள். அவள் விடவில்லை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1969-ல் அவளுடைய இயக்கத்தைத் தன் சொந்த இயக்கமாக ஏற்றுக்கொண்டது.

அந்த நாளில் நியூயார்க்கில் இதைவிட வேடிக்கை ஒன்று நடந்தது. இதே நோயிலிருந்து பிழைத்த பெண்கள் ஒன்றுகூடுவதற்காக, ஒரு பிரபல நாளிதழில் விளம்பரம் போட விரும்பினாள் ஒருத்தி. பத்திரிகையில் 'மார்பு' என்ற சொல்லையும் போட முடியாது, 'புற்று' என்ற சொல்லையும் போட முடியாது என்று பதில் வந்தது. வேண்டுமானால் 'நெஞ்சுச் சுவரைப் பற்றிய நோய்கள்' என்று போட்டுக்கொள்ளலாமாம்! இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகும் அதோஸ்ஸாவின் அந்தப்புரத்துத் திரைச்சீலை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. 1974-ல், அமெரிக்க ஜனாதிபதி ஃபோர்டின் மனைவி பெட்டி தனக்கு மார்பில் புற்று என்பதையும், மார்பு எடுக்கப்பட்டது என்பதையும் ஊரறியச் சொன்னபோதுதான் அந்தத் திரை பெரிதாகக் கிழிந்தது. அதன்பின் ஆயிரக் கணக்கான பெண்கள் தாமாகவே பரிசோதனைக்கு வந்தார்கள். ஒரு ராணி மறைத்ததை இன்னொரு ராணி சொல்லிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

*

இப்போது என் பழைய கேள்விக்கு வருகிறேன். மனசுக்குச் செய்கிற சிகிச்சையால் உடம்பின் நோய் தீருமா?

கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் டேவிட் ஸ்பீகல் என்ற மனோதத்துவ டாக்டர் இதைச் சோதித்துப் பார்த்தார். நோய் மார்பைத் தாண்டி உடம்பில் பரவிவிட்ட 86 பெண்கள். அவர்களில் 50 பேரை வாரத்துக்கு ஒரு தடவை, ஒன்றரை மணி நேரம், ஒரு வருஷ காலம் கூட்டி உட்கார வைத்தார்கள். அவர்கள் மரணத்தைப் பற்றி மறைக்காமல் பேசினார்கள், அழுதார்கள், சிரித்தார்கள், வலியை அடக்க மனசை ஒருமுகப்படுத்தும் பயிற்சியும் பெற்றார்கள். மற்ற 36 பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். எண்ணத்தின் பலத்தால் ஆயுள் நீளும் என்று பேசுகிறவர்களின் வாயை அடைக்கலாம் என்று எண்ணித்தான் ஸ்பீகல் கணக்குப் பார்த்தார். முடிவு அவர் வாயையே அடைத்தது. கூடிப் பேசிய பெண்கள் சராசரி 36.6 மாதம் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்கள் 18.9 மாதம்தான். 1989-ல் இது வெளியானபோது உலகமே ஆச்சரியப்பட்டது.

இங்கேயே கட்டுரையை முடித்துவிட்டால் அழகாக இருக்கும். கதையாக இருந்தால் முடித்தும்விடுவேன். ஆனால் சரித்திரம் அவ்வளவு சுலபத்தில் விடுகிறதா? 2001-ல் கனடா தேசத்து டாக்டர்கள் 235 பெண்களை வைத்து இதையே மறுபடியும் செய்து பார்த்தார்கள். ஆயுள் நீளவில்லை. ஸ்பீகலே தம் சோதனையைத் திரும்பச் செய்து, 2007-ல், மொத்தத்தில் ஆயுள் நீளவில்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் அந்தக் கூட்டங்கள் வீணா? அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த 2001-ஆம் வருஷத்துச் சோதனையிலேயே, கூடிப் பேசிய பெண்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, வலியும் குறைந்தது. அதிகமாகத் தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதிக நன்மை. நாட்களின் எண்ணிக்கை கூடவில்லை. நாட்களின் பாரம் குறைந்தது. லண்டனில் 1967-ல் மரணத்தறுவாயில் இருப்பவர்களுக்கென்றே ஓர் இல்லம் திறந்த ஸிஸிலி ஸாண்டர்ஸ் என்ற அம்மாள், வலி என்பது உடம்பு, மனசு, குடும்பம், ஆத்மா நான்கையும் சேர்ந்தது என்று சொல்லிவந்தார். நான்கில் ஒன்றுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் மற்ற மூன்றும் போய்விடுமா?

பாரசீகத்துக்கே திரும்புவோம். அதோஸ்ஸா வாழ்ந்த அதே தேசம். இன்று ஈரான் என்று பெயர். அங்கே இஸ்பஹான் நகரத்து டாக்டர்கள் மார்பகப் புற்று கண்ட 65 பெண்களிடம் ஆத்மிக சிகிச்சையைச் சோதித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சாராருக்கு ஆறு வாரம், வாரம் ஒரு தடவை கூட்டம். தியானம், பிரார்த்தனை, பிறரை மன்னிப்பது, தன்னையே மன்னித்துக்கொள்வது என்று இவற்றைப் பற்றிய பேச்சும் பயிற்சியும். ஆறு வாரத்தின் முடிவில் அவர்களுடைய மன அமைதி மற்றவர்களைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தது. 65 பேர் அதிகமில்லை. ஆறு வாரமும் அதிகமில்லை. ஆனால் அந்தக் காட்சியை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு ராணி தனியாக மறைத்து வைத்திருந்ததை, அதே மண்ணில், பல பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சொல்கிறார்கள். அவர்கள் ஆண்டவனை அழைக்கிறார்கள், வைத்தியத்தையும் விடவில்லை.

அந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம். ஏனென்றால் 2018-ல் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலைக்காரர்கள் இன்னொரு கணக்கை வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுக்கு முறையான வைத்தியத்தை விட்டுவிட்டு, மாற்று வழிகளை மட்டும் நம்பினவர்களுக்கு மரண அபாயம் மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. இந்த எண்ணைப் படித்தபோது என் மூக்கில் சந்தன வாசனை வந்தது.

*

நம் ஊரிலும் இந்தத் துக்கத்திலிருந்து ஒரு பெரிய காரியம் பிறந்திருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை 1923-ல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தை அவர் முப்பது வருஷம் அணையாமல் வைத்திருந்தார். 1954-ல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. துக்கத்தைக் கட்டடமாக மாற்றுகிற சக்தி எல்லோருக்கும் வராது. எனக்குக் கட்டுரையாக மாற்றுவதற்கே முப்பது வருஷம் ஆயிற்று.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கோயில் வாசலில் பூக் கட்டுகிற கிழவி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அத்தையின் பேச்சு வந்தது. "எனக்குத் தெரியும் தம்பி" என்றாள் கிழவி. "வீட்லே யாருக்கும் தெரியாதுன்னு சொல்லுவாங்க. தினம் சாயங்காலம் எங்கிட்டே வந்து இங்கனயே உக்காந்து அழுவாங்க. நான் என்ன பண்ணுவேன்? பூவைக் கீழே வச்சிட்டு, அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நானும் அழுவேன். அழுதாங்கன்னா அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்குவாங்களாம்."

நான் வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன். ஸ்டான்போர்டில் செய்த சிகிச்சையை, டெரீஸ் லாஸர் கட்டிலருகே செய்த சிகிச்சையை, எங்கள் ஊர்க் கோயில் வாசலில், பட்டமோ பணமோ இல்லாமல், ஒரு பூக்காரி செய்திருக்கிறாள். என் அத்தை தனியாக இறந்துபோனாள் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். இல்லை. அம்மன் அவளைக் கைவிடவில்லை. பூக்காரியின் உருவத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் இருந்தாள். அந்த எட்டு மாதத்து இரவுகளில் பாதியையாவது அத்தை தூங்கிக் கழித்திருக்கிறாள். அது சின்ன விஷயமில்லை.

ஒரே ஒரு வாக்கியம்தான் குறைந்துவிட்டது. "வாங்க, நானும் கூட வரேன், டாக்டர்கிட்டே காட்டிட்டு வரலாம்" என்கிற வாக்கியம். கிழவிக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. அவளை நான் குறை சொல்லமாட்டேன். சந்தனம் இழைத்துக் கொடுத்தவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது திடீரென்று பக்தி அதிகமாகியிருந்தால், சந்தோஷப்படுங்கள். சந்தோஷப்பட்டுவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உடம்புக்கு என்ன?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.